ஆரப் பாக்க?

டாக்டர் நடக்கச் சொன்னார்.
எங்கே என்று சொல்லவில்லை.

பதினொரு வருடம் ஒரே வங்கியில்
அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தே சர்க்கரை வாங்கிய
லீமாவும் நானும்
ஞாயிறு ஆறரைக்குத் தேங்காப்பட்டணத்தில் பஸ் இறங்கினோம்.
ஒரு டப்பா இட்லி,
தலை சுற்றினால் வாயில் போட நாலு மிட்டாய்.
"சபைக்குப் போகாதத ஆருட்டயும் சொல்லாத" என்றாள்.

பாலத்தடியில் ஆறு இன்னும் கடலாகவில்லை.
கலங்கிய காப்பி நிறத்தில்
அலை வந்து முட்டும்போதெல்லாம் பின்வாங்கி
மறுபடி போனது.

மேற்கே பார்த்து நடந்தோம்.
இடக்கையில் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் இரைச்சல்.
வலக்கையில் பாதி வீடுகள்.
ஒன்றில் குளியலறை மட்டும் மிச்சம்:
நீல ஓடு, சோப்புத் தட்டு,
கதவிருந்த இடத்தில் அரபிக்கடல்.

"ஆரப் பாக்க வந்திய?"
இரயுமன்துறையில் வலை முடிந்துகொண்டிருந்தவர் கேட்டார்.
ஆரையும் இல்ல, சும்மா நடக்கோம்.
"சும்மாவா?"
ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

சின்னத்துறையில் கேட்டார்கள்.
தூத்தூரில் பூசை முடிந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் கேட்டது.
பூத்துறையில் கேட்கவில்லை,
குழுக்கடன் பிரிக்க வந்தவர்கள் என்று
மூன்று வீடு கதவைச் சாத்தின.
வங்கிக்காரிகளுக்கு அது புதிதில்லை என்றாலும்
ஞாயிற்றுக்கிழமை வலித்தது.

வள்ளவிளை வருவதற்குள் லீமாவுக்குக் குதிகால் கொப்புளம்.
மீன் கழுவிய வாளியை எடுத்துக்கொண்டு எதிரே வந்தவள்
வாய் திறக்குமுன்பே சொல்லிவிட்டாள்:
"டெல்பினப் பாக்க."

அப்படி ஒருத்தியை எங்களுக்குத் தெரியாது.

"எந்த டெல்பின்?
சூறப் பனியடிமைக்க பெண்டாட்டியா, டியூசன் டெல்பினா?"
டியூசன், என்றேன். வேறென்ன சொல்ல?
ஒரு பயல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான்.
திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
தப்ப வழியில்லை.

கைலியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்,
எங்கள் வயதுதான்.
பயலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.
கொப்புளத்தைப் பார்த்தாள்.
"வாங்க" என்றாள்.

கட்டஞ்சாயா. சீனி போடவில்லை,
நாங்கள் சொல்லவுமில்லை.
அவித்த மரச்சீனி, நெத்திலி, நடுவில் எங்கள் இட்லி.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு
ஏழேழு நாற்பத்தொன்பதோடு நின்றிருந்தது.
மாப்பிள்ளை போட்டில் போய் நாற்பத்தொரு நாள்.
சேட்டிலைட் போன் வியாழக்கிழமை பேசும்.
இந்த வியாழன் பேசவில்லை.
"ரேஞ்ச் இருந்திருக்காது" என்றாள்,
நாங்கள்தான் கேட்டதுபோல.

லீமா குதிகாலில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.
புறப்படும்போது
ஆர் நீங்க என்று கேட்பாள் என்று நின்றோம்.
"இனி எப்ப வருவிய?"
அதைத்தான் கேட்டாள்.

நீரோடி தாண்டியதும் போன் அதிர்ந்தது:
கேரளம் வரவேற்கிறதாம்.
எல்லைக் கல் எங்கே என்றோம்.
சிப்பி பொறுக்கிய ஒருவன்
மூன்றாவது அலையைக் காட்டினான்.

அங்கிருந்து உள்ளே திரும்பினோம்.
ஆகாயத்தாமரை அடைத்த பழைய கால்வாய்,
அதன்மேல் நடந்து போகும் கொக்கு,
மரச்சீனித் தோட்டம், ரப்பர் நிழல்,
ஒரே வேலியில்
மலையாளத்தில் ஒரு நாய் எச்சரிக்கை, தமிழில் ஒரு மரண அறிவிப்பு.
கடல் சத்தம் ஒரு வளைவில் அறுந்தது.
எந்த வளைவு என்று
லீமாவுக்கும் எனக்கும் கொல்லங்கோடு வரை தர்க்கம்.

ஒருவரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.
உள்நாட்டில் நடப்பவர்களுக்கு
பஸ் தவறிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தரை வண்டியில் இடம் கிடைத்தது.
செருப்பைத் தட்டியபோது
கால்பிடி மணல் விழுந்தது, கண்டக்டர் முறைத்தார்.
குழித்துறைப் பாலத்தில்தான்
பையைத் துழாவிய லீமா நிமிர்ந்தாள்.

இட்லி டப்பா.
டெல்பின் கழுவி
ஜன்னலில் கவிழ்த்து வைத்தது
இரண்டு பேர் கண்ணிலும் பட்டிருந்தது.